துவாஸில் நான் கேட்ட மொழிகள்

துவாஸ் என்றதும் உங்களில் பலருக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கும் உங்கள் மகனோ, மருமகனோ, பக்கத்து வீட்டுத் தம்பியோதான் நினைவுக்கு வருவான். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒவ்வொரு லயனிலும் அப்படி ஒருவராவது உண்டு. ஆனால் அந்த ஊரை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நாற்பத்தேழு வயது வரை நானும் பார்த்ததில்லை. போன பள்ளி விடுமுறையில்தான் பார்த்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு கேள்விக்கு விடை தேடிப் போனேன்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு தாய். கணவர் இல்லை. ஒரே மகன், ஐந்தாம் படிவத்தை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ஆறு ஆண்டுகள் என்னிடம் படித்தவன். ஒரு மாலை அந்த அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"சார், பையன் கம்ப்யூட்டர் மொழி படிக்கணும்ங்கிறான். டவுன்ல ஒரு வகுப்புல மூணு மாசத்துல நாலு மொழி கத்துத் தர்றாங்களாம். ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. சங்கிலிய அடகுக் கடையில வச்சிட்டேன். இன்னும் கட்டல. நாலு மொழியும் வேணுமா, ஒண்ணு போதுமா? எது நல்ல மொழி? நீங்க சொன்னா கட்டிடுறேன்."

நான் விழித்தேன். தமிழ், மலாய், ஆங்கிலம் என்றால் எனக்கு ஏதாவது சொல்லத் தெரியும். கணினிக்கு மொழி என்றால்? பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் வாங்கியபோது எங்களுக்குக் கணினியைத் திறக்கவும் மூடவும் கற்றுத் தந்தார்கள், அவ்வளவுதான். 'சனிக்கிழமை வரை பொறுங்கள் அம்மா' என்று சொல்லி அனுப்பிவிட்டு, துவாஸில் வேலை செய்யும் என் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவன் அவன். "போன்ல சொல்ற விஷயம் இல்ல சார். கிளம்பி வாங்க, என் கூட்டாளிங்களையும் வரச் சொல்றேன்" என்றான்.

ஆகவே சனிக்கிழமை காலை நாலரை மணிக்கு, என் மாணவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கெலாங் பாத்தாவைத் தாண்டி சுல்தான் அபு பாக்கார் வளாகத்தில் நுழையும்போது முன்னும் பின்னும் சிவப்பு விளக்குகள்தான். இரண்டாவது இணைப்புப் பாலம் என்று நாம் சொல்வது 1998 ஜனவரி 2ஆம் தேதி திறக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம். இருட்டில் கீழே கடல் தெரியவில்லை. அதன் வாசனை மட்டும் வந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அவனோ தினமும் இரண்டு தடவை கடக்கிறவன். "தூங்கிடாதீங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

விடிந்ததும் ஊர் தெரிந்தது. ஊர் என்று சொல்வதே தப்பு. வீடு இல்லை, கோயில் மணி இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லை. நேர் நேராக அகலச் சடக்குகள். அவென்யூ 1, அவென்யூ 2 என்று எண்கள்தான் பெயர்கள். இரு பக்கமும் தொழிற்சாலைகள், தொழிலாளர் விடுதிகள், வரிசையாக லாரிகள். 2017 ஜூன் மாதம் முதல் இரயிலும் வருகிறது. துவாஸ் லிங்க் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் இது மீன்பிடிக் கிராமமாம். தென்னை ஓலைகளைக் கடலில் நட்டு, நிழலுக்கு ஒதுங்கும் மீன்களை அடியில் வலை விரித்துத் தூக்குவார்களாம். அப்படித் தூக்குவதை மலாயில் 'மெனுவாஸ்' என்பார்கள். அதிலிருந்துதான் துவாஸ் என்ற பெயர் வந்தது என்று சொல்கிறார்கள். இப்போது அந்தக் கடலையே மண் கொட்டித் தூர்த்துத் துறைமுகம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2022 செப்டம்பர் 1ஆம் தேதி முறைப்படி திறந்தார்கள். 2040களில் முழுதும் முடியும்போது ஆண்டுக்கு ஆறரைக் கோடி இருபதடிக் கொள்கலன்களைக் கையாளுமாம். அங்கே கொள்கலன் சுமக்கும் வண்டிகளுக்கு ஓட்டுநரே கிடையாது. மின்கலத்தில் ஓடி, தரையில் பதித்த அடையாளங்களைப் படித்துத் தானே வழி கண்டுபிடித்துப் போகின்றன. அதற்குள் என்னை யார் விடுவார்கள்? கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

மாணவன் அரை நாள் வேலைக்குப் போய்விட்டான். நான் தொழிற்பேட்டைக் கேன்டீனில் பசியாற உட்கார்ந்தேன். 'ரொட்டி சானாய்' என்றேன். கடைக்காரர் சிரித்து, 'பிராட்டாவா?' என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெயர், இந்தப் பக்கம் ஒரு பெயர். கல்லில் போடுவது ஒரே மாவுதான்.

பகல் ஒரு மணிக்கு மாணவன் இரண்டு பேரோடு வந்தான். ஒருவர் திருச்சிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும்; கிடங்குகளில் எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் புரோகிராம்களை எழுதுகிறவர். மற்றொருத்தி ஸ்கூடாய்ப் பெண். மருந்துத் தொழிற்சாலையில் வேலை. வரிசையில் ஓடும் மாத்திரைகளைக் கேமரா படம் பிடிக்கும். அதில் உடைந்தது எது என்று கண்டுபிடிக்கும் புரோகிராமை எழுதுகிறாள். நான் அந்த அம்மாவின் கேள்வியை அப்படியே மேசையில் வைத்தேன்.

"ஜாவா படிக்கச் சொல்லுங்க ஐயா" என்றார் திருச்சிக்காரர்.

"ஐயோ, பைத்தான் போதும் சார்" என்றாள் பெண்.

என் மாணவன் ஒன்றும் சொல்லாமல் கோப்பியைக் கலக்கினான்.

அதன் பிறகு நடந்த வாதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! நம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று ஒரு காலத்தில் நடந்த வாதம் எனக்கு நினைவு வந்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் அது சோறு போடும் சமாச்சாரம் என்பதால், விளையாட்டுக்கு நடுவிலும் உண்மை இருந்தது.

முதலில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கணினிக்கு ஒரு பாஷையும் தெரியாது. மின்சாரம் இருக்கிறது, இல்லை என்ற இரண்டுதான் தெரியும். நாம் சொல்லும் வேலையை அந்த இரண்டாக மாற்றிச் சொல்ல நடுவில் ஒரு மொழி வேண்டும். வேலைக்கு ஏற்றபடி பலர் பல மொழிகளைச் செய்துவைத்திருக்கிறார்கள். வணிகக் கணக்குகளுக்காக 1959இல் ஒரு குழு கூடி உருவாக்கத் தொடங்கிய கோபால் என்னும் மொழி (நம் கோபால் அண்ணன் அல்ல!) இன்றும் பல வங்கிகளில் உயிரோடு இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிட்சி உருவாக்கியது சி. அதிலிருந்து கிளைத்தது சி பிளஸ் பிளஸ். ஜாவா 1995இல் வந்தது. அந்தப் பெயர் கோப்பியைக் குறிப்பது. அதனால் அதன் சின்னமும் ஆவி பறக்கும் கோப்பிக் கோப்பைதான். பைத்தான் 1991இல் நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ரோசம் வெளியிட்டது. மலைப்பாம்பு என்று நினைத்துவிடாதீர்கள்; ஒரு பிரிட்டிஷ் சிரிப்பு நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுத்தாராம்.

இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? திருச்சிக்காரர் விளக்கியதை நம் தோட்டப் பாஷையில் சொன்னால் உங்களுக்குப் புரியும். ஜாவா என்பது கிராணியாரின் செக்ரோல் மாதிரி. முதலிலேயே கட்டம் போட்டு, இது பெயர், இது நாள், இது எடை என்று எழுதி வைத்துவிட வேண்டும். எடை எழுதும் கட்டத்தில் பெயரை எழுதப் போனால், வேலை தொடங்கும் முன்பே 'தப்பு' என்று நிறுத்திவிடும். பைத்தான் என்பது ஒட்டுக்கடைச் சிட்டை. கட்டமும் கிடையாது, கோடும் கிடையாது. வந்ததை உடனே எழுதலாம். ஜாவாவில் இருபது வரி எழுதுகிற இடத்தில் ஐந்து வரியில் முடிந்துவிடும். ஆனால் எங்கேயாவது பெயரும் எடையும் மாறி விழுந்திருந்தால், கணக்குக் கூட்டும்போதுதான் தெரியும்.

"எனக்குத் தெரியுமே! அதுக்குத்தான் திரும்பத் திரும்பச் சோதிக்கிறோம்" என்றாள் பெண். "உங்க ஜாவாவுல கட்டம் போட்டு முடிக்கிறதுக்குள்ள, நான் மாத்திரைய எண்ணி முடிச்சு வீட்டுக்கே போயிடுவேண்ணே."

"அம்பது பேரு ஒண்ணா எழுதுற புரோகிராமை உங்க சிட்டையில வச்சுப் பாரும்மா, அப்பத் தெரியும்!"

சி மொழியைப் பற்றி இருவரும் ஒன்றாகவே பேசினார்கள். மிகவும் வேகமானது, இயந்திரத்துக்கு மிக அருகில் நிற்பது, ஆனால் கணினியின் நினைவில் எவ்வளவு இடம் வேண்டும் என்று நாமே கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் நாமே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். மறந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இடம் தீர்ந்து ஒருநாள் எல்லாம் நின்றுவிடும். இரவல் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காத வீட்டுக்கு ஆகிற கதி!

இங்கே இன்னொன்றும் சொன்னார்கள். சிங்கப்பூரின் பிரதமராக இருந்தபோது திரு லீ சியன் லூங் தாம் எழுதிய ஒரு புரோகிராமை 2015இல் ஊரறிய வெளியிட்டார். சுடோக்கு என்னும் எண் புதிரை விடுவிக்கும் புரோகிராம், சி பிளஸ் பிளஸ் மொழியில். ஹாஸ்கெல் என்ற வேறொரு மொழியின் புத்தகத்தைப் பிள்ளைகள் தம்மிடம் கொடுத்திருப்பதாகவும், ஓய்வு பெற்ற பிறகு படிக்க வேண்டும் என்றும் சொன்னாராம். பிரதமரே இன்னொரு மொழி பாக்கி இருக்கிறது என்று சொல்லும் ஊரில், மூன்று மாதத்தில் நாலு மொழி என்று விளம்பரம் செய்பவர்களை என்னவென்பது?

இவ்வளவு நேரமும் என் மாணவன் வாயைத் திறக்கவில்லை. "நீ எழுதும் மொழி என்னடா?" என்று கேட்டேன். திருச்சிக்காரர் முந்திக்கொண்டு, "அது மொழியே இல்லீங்க ஐயா, படம்! ஏணி வரைவாரு" என்று கேலி செய்தார்.

அவன் கோபப்படவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, டிஷ்யூத் தாளில் இரண்டு நெடுங்கோடு கிழித்தான். நடுவே ஒரு குறுக்குக் கோடு. உண்மையிலேயே ஏணிதான்.

"இந்தப் பக்கத்துக் கோடுல கரண்டு இருக்குன்னு வச்சுக்கங்க சார். அந்தப் பக்கத்துல மோட்டாரு. நடுவுல கதவு. ஸ்டார்ட் பொத்தான அமுக்குனா கதவு தொறக்கும், மோட்டாரு ஓடும். வெரல எடுத்தா கதவு மூடிக்கும். அப்ப மோட்டாரு நின்னுடணுமில்ல? அதுக்குத்தான் பக்கத்துலயே இன்னொரு சின்னக் கதவு. அது மோட்டாரு கையில இருக்கு. ஓட ஆரம்பிச்சதும் அந்தக் கதவத் தானே தொறந்து புடிச்சுக்கும். ஸ்டாப் பொத்தான் எப்பவும் தொறந்தே இருக்கிற கதவு. அமுக்குனா மூடும். அந்த ஒயர எலி கடிச்சு அறுத்துட்டாலும் கதவு மூடுனதாத்தான் கணக்கு, மெஷினு நின்னுடும். ஏன் அப்படி வச்சாங்க தெரியுமா சார்? கெட்டுப்போனா ஓடுறத விட நிக்கிறது நல்லது."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. இப்படி நூற்றுக்கணக்கான குறுக்குப் படிகளை வரைந்து இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டால், பெட்டி பொத்தான்களையெல்லாம் ஒருமுறை பார்க்கும். ஏணியை மேலிருந்து கீழே படிக்கும். மோட்டார்களுக்கு உத்தரவு கொடுக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு சுற்றுக்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாமல் முடிந்துவிடுவது உண்டாம்.

இந்த ஏணி மொழி பிறந்த கதையைத்தான் நம் வாசகர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. காரின் மாதிரி மாறும்போதெல்லாம் தொழிற்சாலையில் ரிலே என்னும் மின் தாழ்கள் நிறைந்த பெட்டிகளைப் பிரித்து ஒயர்களை மாற்றிப் பூட்ட வேண்டியிருந்தது. ஒயரை மாற்றாமல், எழுதியதை மட்டும் மாற்றும் பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். டிக் மார்லி என்பவரும் கூட்டாளிகளும் 1969இல் மோடிகான் 084 என்ற பெட்டியைச் செய்து கொடுத்தார்கள். அதற்குப் புரோகிராம் எழுதப் பட்டதாரிகளைத் தேடவில்லை. பட்டறையில் இருந்த ஒயர்மேன்களுக்குத் தெரிந்த மின்படம் எதுவோ, அதையே மொழியாக்கிவிட்டார்கள்! 1993இல் வந்த உலகத் தர விதியில் தொழிற்சாலைப் பெட்டிகளுக்கென்று ஐந்து மொழிகளை ஏற்றுக்கொண்டபோது, ஏணிக்கும் அதில் இடம் கிடைத்தது.

என் மாணவனுடைய அப்பா எங்கள் செம்பனை ஆலையில் ஒயர்மேனாக இருந்தவர். "ஆலை பெட்டிக் கதவுக்குப் பின்னால ஒட்டியிருந்த படத்த அப்பா எனக்குக் காட்டுவாரு சார். பொலிடெக்னிக்ல இத நடத்துனப்ப, வகுப்புல எனக்கு மட்டும் பழைய பாடம்" என்றான்.

கம்பெனிக்குக் கம்பெனி இந்த ஏணியிலும் வட்டார வழக்கு உண்டாம். மித்சுபிஷி பெட்டியில் உள்ளே வருவதற்கு எக்ஸ், வெளியே போவதற்கு ஒய். சீமென்ஸ் பெட்டியில் வேறு எழுத்துகள். மித்சுபிஷியின் ஒரு வகைப் பெட்டியில் எக்ஸ் 7க்குப் பிறகு எக்ஸ் 10தான் வருமாம்; 8, 9 என்ற எண்களே கிடையாது! எட்டு எட்டாக எண்ணும் கணக்கு அது. முதல் வாரம் இல்லாத எக்ஸ் 8ஐத் தேடியே அரை நாள் போனதாகச் சொன்னான்.

கேலி செய்த திருச்சிக்காரரிடம் அவன் திரும்பினான். "அண்ணே, உங்க புரோகிராம் தடுமாறுனா திரை நின்னு போகும். தங்கச்சியோடது தடுமாறுனா ஒரு மாத்திரை வீணாகும். என்னோடது தடுமாறுனா உள்ள ஒருத்தர் கை இருக்கும்."

மேசையில் பேச்சு நின்றது. துவாஸ்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸ் அவென்யூ 11இல் ஒரு பட்டறையில் கலவை இயந்திரம் வெடித்து, மாவுத் தூசி தீப்பிடித்து மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். அது புரோகிராம் தப்பால் நேர்ந்ததல்ல. இருந்தாலும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர்கள் மறந்துவிடுவார்களா?

கொஞ்சம் கழித்துத் திருச்சிக்காரரே, "நம்ம கிடங்குல பெல்ட்டு ஓடுறதும் தம்பியோட ஏணியாலதான் ஐயா. என் ஜாவா 'இந்தப் பெட்டிய அங்க அனுப்பு'ன்னு சொல்லும், அவ்வளவுதான். தள்ளி விடுறது ஏணி" என்று ஒப்புக்கொண்டார்.

பேச்சை மாற்ற அந்தப் பெண் தன் கணினியைத் திறந்து, "சார், இதப் படிங்க" என்றாள். திரையில் தமிழ்! 'பதிப்பி' என்று ஒரு சொல், பக்கத்தில் 'வணக்கம்'. எழில் என்ற நிரல் மொழியாம். முத்தையா அண்ணாமலை என்பவர் 2007இல் தொடங்கி 2009இல் அறிவித்தது; பைத்தானை அடித்தளமாகக் கொண்டது. பிள்ளைகள் தமிழிலேயே புரோகிராம் எழுதிப் பழக வேண்டும் என்பது நோக்கம். என்னைக் கவர்ந்தது ஒன்று. ஆங்கிலத்தில் 'இப்படியானால்' என்ற சொல் முதலில் வந்து, நிபந்தனை பிறகு வரும். எழிலில் நிபந்தனையை முன்னே எழுதி, அதன் பின் 'ஆனால்' என்று போட வேண்டும், பிறகு 'இல்லை', கடைசியில் 'முடி'. நாம் பேசுகிற வரிசை! இணையத்தில் தமிழ் எழுத்து ஏறுவதற்கே பாடுபட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த முன்னோடிகளில் ஒருவர், சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, 1999இல் மறைந்தார். இதையும் அவர் பார்த்திருக்கலாம்.

"இதை எழுதினால் சம்பளம் தருவார்களா அம்மா?" என்று கேட்டேன்.

"தர மாட்டாங்க சார். ஆனா எப்படி யோசிக்கணும்னு இதுலயே கத்துக்கலாம். ஒண்ணு ஒழுங்கா வந்தா அடுத்தது சீக்கிரம் வரும். நான் முதல்ல படிச்சது சி; பைத்தானுக்கு ரெண்டு வாரம்தான் ஆச்சு."

அப்படியானால் அந்தத் தாய்க்கு நான் என்ன சொல்வது? ஜாவாவா, பைத்தானா என்று வாதாடிய மூவரும் இதில் ஒரே பேச்சாக இருந்தார்கள். ஆயிரத்து எண்ணூறு வெள்ளி கட்ட வேண்டாம். பைத்தானும் எழிலும் இலவசம். இரவல் கணினி ஒன்று இருந்தால் பழகிப் பார்க்கலாம். மூன்று மாதச் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுத்தவரை அவர்கள் பார்த்ததில்லை. பொலிடெக்னிக்கில் மின்துறைக்கு மனுப் போடட்டும். அங்கே ஏணியும் சொல்லித் தருவார்கள். என் மாணவன் மட்டும் ஒன்று கேட்டான்: "சார், அவன் கையில எப்பவும் என்ன இருக்கும்? போனா, புத்தகமா, ஸ்க்ரூடிரைவரா?"

யோசித்தேன். ஆறாம் ஆண்டில் வகுப்பு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு என்னிடம் பிரம்படி வாங்கியவன் அவன். சொன்னேன். மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டதையெல்லாம் சொன்னேன். செக்ரோலும் சிட்டையும் அவருக்கு உடனே விளங்கின. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப சங்கிலிய மீட்டுறலாமா சார்?"

பையனிடம் அந்த டிஷ்யூத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் இரவு, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அதையே பெரிதாக வரைந்து எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தான். "சார், மோட்டாரு ஓடிக்கிட்டு இருக்கறப்ப ஊருல கரண்டு போயி, திரும்ப வந்துச்சுன்னா, அது தானா ஓட ஆரம்பிக்குமா? உள்ள யாராவது கை வச்சிருந்தா?"

எனக்குத் தெரியவில்லை. மாணவனைக் கூப்பிட்டேன். அவன் அப்போதுதான் பாலம் கடந்து வீட்டுக்கு வந்திருந்தான். கொட்டாவி விட்டபடி கேட்டவன், கேள்வி முடிந்ததும் நிமிர்ந்துவிட்டான் போலிருக்கிறது.

"ஓடாது சார். கரண்டு போனா அந்தச் சின்னக் கதவு விட்டுடும். மறுபடி யாராவது ஸ்டார்ட்ட அமுக்குனாத்தான் ஓடும். இத அவனாவா கேட்டான்? போன அவங்கிட்ட குடுங்க சார்."